எம்டன் போட்ட குண்டு

சென்னையின் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் பாரிமுனைக்குத் திரும்பினால், வழியில் கிளைவ் பேட்டரி என்றொரு நிறுத்தம் வரும். பேட்டரி என்றால் இங்கே பீரங்கித் தளம். பீரங்கிகள் போய்விட்டன, பெயரை மட்டும் கண்டக்டர் இன்னும் கூவுகிறார்.

இந்தக் கரைக்குப் பயம் கடலிலிருந்தும் வந்தது. 1746-ல் லபூர்தொனே தலைமையில் கப்பலேறி வந்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையையே பிடித்தார்கள். பின்னாளில் நூறாண்டுக்கு மேல் நீடித்த அமைதியில் அந்தப் பயம் தூர்ந்துபோயிற்று. அதைத் தோண்டியெடுத்த இரும்பின் சில்லு ஒன்று இன்று செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது வந்த கப்பல் எம்டன். டான்சிக்கில் கட்டி 1908-ல் நீரில் இறக்கிய ஜெர்மன் போர்க்கப்பல், 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் 10. சீனக் கரையின் சிங்தாவில் இருந்ததை, முதல் உலகப் போர் மூண்டதும் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் வங்கக் கடலுக்குள் நழுவவிட்டார். பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க, மூன்று புகைபோக்கிகளோடு பொய்யாக நான்காவது ஒன்று.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை. போர்க்காலம் என்ற நினைப்பே இல்லாமல் சென்னையில் விளக்குகள் எரிந்தன. எம்டனின் தேடுவிளக்கு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத் துழாவிக் கண்டுபிடித்தது. அரை மணி நேரத்துக்குள் சுமார் 125 குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, சிலர் மாண்டனர். ஒரு குண்டு உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரைப் பெயர்த்தது. அங்கே இன்றும் கல்வெட்டு உண்டு. கரைப் பீரங்கிகள் திருப்பிச் சுட்டன, ஒன்றும் படவில்லை. மறுநாள் முதல் மூட்டை முடிச்சோடு ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

எம்டனுக்கு அதன்பின் ஏழு வாரமே ஆயுள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் 'சிட்னி' அதை அடித்துக் கரைதட்ட வைத்தது. எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது.

பெயர் மட்டும் சென்னையில் இறங்கித் தங்கிவிட்டது. எமகாதகன், எதற்கும் துணிந்தவன், கண்ணாலேயே மிரட்டுகிற அப்பா, எல்லாரும் எம்டன்தான். 2006-ல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த படம், அப்போது தமிழ்த் தலைப்புக்குத்தான் வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆயிற்று. அரசாணைக்கு 'எம்டன்' அயல்மொழி. அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் "எம்டன் வர்றாருடா" என்று புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு அது தமிழ்தான்.