மீட்க வருபவர்களுக்கான பயிற்சியும் சேரிப் பெண்களின் பாதுகாப்பும்: செங்கல்பட்டுக் கடற்கரையிலிருந்து சில கேள்விகள்

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், மாமல்லபுரம் கடற்கரையைத் தாக்கியபோது கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரை இறைக்கும் பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். இப்படி ஒரு நெருக்கடி வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே முன்கூட்டியே எழுதிவைத்து, பழகியும் வைத்திருந்தார்கள்.

மதில் சுவருக்கு வெளியே நிலைமை வேறு. பேரிடர் மேலாண்மைக்கென்று நாடு முழுமைக்குமான ஒரு சட்டம்கூட அன்று இல்லை. வீடிழந்த பெண்கள் முகாமில் இருட்டிய பிறகு கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள், அங்கே யாராவது கை வைத்தால் யாரிடம் சொல்வார்கள் என்ற கேள்விகள் மீட்புப் பணியின் பாடத்தில் இடம்பெறவே இல்லை. இன்று அந்தப் பாடம் இருக்கிறது. பயிற்சிகளும் நடக்கின்றன. அந்தப் பயிற்சி வேலை செய்கிறதா என்பதை யார், எப்படி அளக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு முதலில் கொஞ்சம் வரலாறு.

பேரலை எல்லோரையும் ஒன்றாக அடிக்கவில்லை

ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களின் கணக்கைத் தந்தது: பெண்கள் 391, ஆண்கள் 146. ஆண்கள் கடலில் இருந்த நேரத்தில் பெண்கள் கரையிலும் வீட்டிலும் இருந்தார்கள். பலருக்கு நீச்சல் தெரியாது. குழந்தைகளைத் தேடி நின்றவர்களும் உண்டு. இலங்கையிலோ, மீட்புப் பணியின்போதும் தற்காலிக முகாம்களிலும் பெண்கள் மீது பாலியல் வன்முறை நடந்ததை அங்குள்ள பெண்கள் அமைப்புகள் முதல் சில வாரங்களிலேயே வெளியே கொண்டுவந்தன.

நம் பக்கத்தில் இன்னொரு அடுக்கும் இருந்தது. 2001 குஜராத் பூகம்பத்தில் நிவாரணத்தில் சாதி நுழைந்ததைப் பார்த்த மனித உரிமை அமைப்புகள், 2005 ஜனவரியில் தமிழகக் கடற்கரையிலும் அதையே பதிவு செய்தன. முகாமில் சேர்ந்து தங்கவும், ஒரே தொட்டியில் தண்ணீர் பிடிக்கவும் தலித்துகளுக்குத் தடை வந்தது. படகும் வலையும் இழந்தவர்களுக்குக் கணக்கு எடுத்தார்கள். கூலி வேலை இழந்த சேரிப் பெண்ணின் இழப்பும், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்ணின் இழப்பும் எந்தப் படிவத்திலும் பொருந்தவில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாகப்பட்டினத்தில் சடலங்களை அகற்ற வெளி மாவட்ட நகராட்சிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். 2015 சென்னை வெள்ளத்திலும் இதுவேதான் நடந்தது. ஆனால் ‘அவசர கால மீட்புப் பணியாளர்’ என்று சொன்னால் நம் மனதில் சீருடை அணிந்தவர்தான் வருகிறார். குப்பை வண்டியில் வந்து இறங்கிய பெண் வருவதில்லை. இரவில் அவர் எங்கே தூங்கினார், எங்கே குளித்தார் என்பதும் பாலின வன்முறைத் தடுப்பில் சேரும் கேள்விதான்.

சீருடையைப் பற்றிய நினைவு

பேரிடரில் முதலில் வருவது காவல்துறையும் வருவாய்த்துறையும். இந்தச் சீருடைகளோடு ஒடுக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டையைத் தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் நுழைந்தார்கள். 18 பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, மீதி 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு வந்த ஆண்டு 2011. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல்.

இந்த வரலாறு தெரிந்த பெண், முகாமில் ஒருவன் தொல்லை கொடுத்தால் வாசலில் நிற்கும் சீருடைக்காரரிடம் போய்ச் சொல்வாளா? சொல்லாவிட்டால் அவளுக்கு ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று எழுதிவிட்டுப் போக முடியாது. அவள் அனுபவத்தைக் கொண்டு கணக்குப் போடுகிறாள். பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

சட்டமும் விதிமுறையும் வந்தன

2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் பால், சாதி, சமூகம், மரபு, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 61ஆம் பிரிவு. மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அதே ஆண்டு ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர் காலப் பாலின வன்முறைத் தடுப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டன; 2015இல் அதைத் திருத்தினார்கள். அதன் அடிப்படை எளிமையானது: புகார் வரட்டும் என்று காத்திருக்காதே, வன்முறை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கு. ஸ்பியர் என்ற சர்வதேசக் குறைந்தபட்சத் தர நூல் இன்னும் கறாராகப் பேசுகிறது. 20 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று, உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிச்சம்.

2006இல் தேசியப் பேரிடர் மீட்புப் படை உருவானது. அதன் ஒரு படைப்பிரிவு நமக்குப் பக்கத்தில் அரக்கோணத்தில் இருக்கிறது. 2016இல் ‘ஆப்த மித்ரா’ தன்னார்வலர் திட்டம் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி என்ற இலக்கோடு விரிந்தது. செய்திகளில் வருவது இந்த எண்ணிக்கைதான்.

எண்ணிக்கை என்னும் ஏமாற்று

எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்த அனுபவம் நம் செங்கல்பட்டுக்கு நிறையவே உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் இங்குள்ள பறையர்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அலுவலகச் சாதனைகளை அடுக்காமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத மக்களின் வாழ்க்கையை அது எடுத்துச் சொன்னது. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு. நூறு ஆண்டு கழித்து அந்த நிலத்தை மீட்கக் கரணையில் மக்கள் போராட வேண்டியிருந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஆணை போட்டதை வைத்து மதிப்பிட்டால் பஞ்சமி நிலம் ஒரு வெற்றி. நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் விடை வேறு.

பயிற்சிக்கும் இதே அளவுகோல்தான். சமூகவியல், மேலாண்மை படிக்கும் தோழர்கள் டொனால்ட் கிர்க்பாட்ரிக்கின் நான்கு படிகளைப் படித்திருப்பீர்கள். 1959இல் அவர் வைத்த முறை அது. பயிற்சி பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, பணியில் நடத்தை மாறியதா, அதனால் பலன் கிடைத்ததா என்று நான்கு கேள்விகள். நான் உட்கார்ந்திருந்த பயிற்சிகள் பெரும்பாலும் முதல் இரண்டோடு முடிந்தன. கடைசி நாள் ஒரு படிவம், பத்துக் கேள்வித் தேர்வு, குழுப் படம், சான்றிதழ். மூன்றாவது, நான்காவது கேள்விகளுக்கு விடை பயிற்சி அரங்கில் கிடைக்காது. சேரிக்கும் காலனிக்கும் போய்த்தான் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. கடந்த புயலில் மீட்பு வண்டி ஊருக்கு எத்தனை மணிக்கு வந்தது, காலனிக்கு எத்தனை மணிக்கு வந்தது? வந்த குழுவில் பெண்கள் எத்தனை பேர், தலித்துகள் எத்தனை பேர்? தேசியப் பேரிடர் மீட்புப் படையில் பெண் மீட்பாளர்கள் சேர்ந்ததே அண்மைக் காலத்தில்தான். முகாமில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருந்ததா? எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்பதும், பாதிக்கப்பட்ட பெண்ணுக்குத் தனியார் மருத்துவமனையும் இலவசமாக முதலுதவி தர வேண்டும் என்பதும் 108 வண்டியில் வந்தவருக்குத் தெரிந்திருந்ததா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியான கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் பொது ஊழியருக்கு 4ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. பாலின வன்முறைப் பயிற்சியில் சாதியைப் பேசாமல் விட்டால் இந்தப் பிரிவும் விடுபட்டுப் போகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பயிற்சிக்குப் பிறகு புகார்கள் கூடினால் அதைத் தோல்வி என்று எழுதிவிடாதீர்கள். சொல்ல ஓர் இடம் கிடைத்ததும் அதுவரை அடக்கி வைத்தவை வெளியே வரும். புகாரே இல்லாத முகாமைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அடுத்து, மதிப்பீடு என்ற பெயரில் வீடு வீடாகப் போய் ‘உங்களுக்கு நடந்ததா’ என்று கேட்கக் கூடாது. கேட்டது வெளியே தெரிந்தால் அந்தப் பெண்தான் மீண்டும் அடிபடுவாள். சிகிச்சையும் ஆலோசனையும் கையில் இல்லாமல் இந்தக் கேள்வியைத் தொடாதே என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இலேயே நெறிமுறை வகுத்திருக்கிறது. வண்டி வந்த நேரம், விளக்கு, தாழ்ப்பாள், பெண் பணியாளர் இருந்தாரா என்பதை எல்லாரிடமும் கேட்கலாம். யாருக்கும் ஆபத்தில்லை.

நம் கையில் இருப்பது

கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரை அவசர காலத் திட்டப் பகுதி. சதுரங்கப்பட்டினம் அதற்குள்தான் வருகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடக்க வேண்டும். கதவையும் சன்னலையும் மூடிக்கொண்டு உள்ளே இருங்கள், சொன்னால் வண்டியில் ஏறி முகாமுக்கு வாருங்கள் என்பது அதன் சாரம். ஓலைக் கூரை வீட்டில் எதை மூடுவது? கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நிற்கும் பெண்ணுக்கு யார் சொல்வது? அந்த முகாமில் இரவில் அவளுக்குப் பாதுகாப்பு யார்?

அடுத்த ஒத்திகை நாளில் இந்தக் கேள்விகளோடு போய் நில்லுங்கள். ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: பாலின வன்முறை பற்றிய பயிற்சிப் பாடத்தின் நகல், பயிற்சி பெற்றவர்களில் தூய்மைப் பணியாளர்கள் எத்தனை பேர், பயிற்சிக்குப் பிறகு காலனி மக்களிடம் கருத்துக் கேட்ட பதிவேடு. மூன்றாவதற்கு ‘தகவல் இல்லை’ என்று பதில் வந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பயிற்சி எப்படி மதிப்பிடப்பட்டது என்பதற்கு அரசே எழுதிக் கொடுத்த சான்று அது.