ருமேனியாவின் தேசிய தினம்: மே 10 முதல் டிசம்பர் 1 வரை

ஒன்றரை நூற்றாண்டுக்குள் மூன்று தேசிய தினங்களைக் கண்டுவிட்ட நாடு ருமேனியா. முடியாட்சிக் காலத்தில் மே 10, கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஆகஸ்ட் 23, 1990 முதல் டிசம்பர் 1. மூன்றிலும் நடந்தவை பெரிய நிகழ்ச்சிகள்தான், எதுவும் இட்டுக்கட்டியதல்ல. ஆனால் எதைக் கொண்டாடுவது என்ற முடிவில், எந்த நாளை மக்கள் மறக்க வேண்டும் என்ற ஆட்சியாளரின் விருப்பத்துக்கு முக்கியப் பங்கு இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

மே 10 அரச வம்சத்தின் நாள். 1866-ல் ஜெர்மனியின் ஹோஹென்சோலர்ன் குடும்பத்து இளைஞர் கரோல், ஆஸ்திரியாவுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூளவிருந்த நேரத்தில், கார்ல் ஹெட்டிங்கன் என்ற பொய்ப்பெயரில் ரயிலின் இரண்டாம் வகுப்பில் ஆஸ்திரிய மண்ணைக் கடந்து வந்து, ஆட்சியேற்க அன்று புக்கரெஸ்ட்டுக்குள் நுழைந்தார். நெடுநாள் வறட்சிக்குப் பின் அன்றைக்கு மழை பெய்ததாம். ஊரார் நல்ல சகுனம் என்றார்கள். ஒரு நாள் ராசியானது என்று தெரிந்துவிட்டால் அரண்மனை அதை விடுமா? 1877-ல் துருக்கியிடமிருந்து விடுதலை என்று நாடாளுமன்றம் முழங்கியது மே 9-ல். கரோலின் பெயரால் அது மே 10-க்கு வந்து சேர்ந்தது. 1881-ல் கரோல் முடிசூடியதும் அதே தேதியில்தான். பிளெவ்னா போரில் துருக்கியரிடம் கைப்பற்றிய பீரங்கியின் எஃகை உருக்கிச் செய்த கிரீடம் அது. இப்படி வருகை, விடுதலை, முடிசூட்டு மூன்றும் ஒரே நாளில் குவிந்தன. தற்செயல் பாதி, திட்டம் பாதி.

1947 டிசம்பர் 30-ல் மன்னர் மிஹாய் பதவி விலக்கப்பட்டபின் அந்த நாளுக்கு இடமில்லாமல் போனது. பதிலுக்கு வந்த ஆகஸ்ட் 23-ல் ஒரு வேடிக்கை உண்டு. 1944-ல் அன்றுதான் ஹிட்லரின் கூட்டாளியாக நாட்டை ஆண்ட அந்தோனெஸ்குவை அரண்மனைக்கு வரவழைத்துக் கைது செய்து, ருமேனியாவை நேச நாடுகளின் பக்கம் திருப்பினார்கள். அதைச் செய்வித்தவர் இதே மிஹாய். அப்போது வயது 22. மன்னரின் செயலையே விழாவாக எடுத்துக்கொண்டு, கட்சியின் பங்கை ஊதிப் பெரிதாக்கி, மன்னரை மட்டும் கதையிலிருந்து கழற்றிவிட்டது புதிய ஆட்சி. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஊர்வலங்கள் நடந்தன.

1989 டிசம்பரில் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்ததும் மறுபடி தேதி தேட வேண்டியதாயிற்று. மே 10-ஐத் திரும்பக் கொண்டுவந்தால், உயிரோடு வெளிநாட்டில் இருக்கும் மன்னரைக் கூப்பிடுவது போலாகும். சர்வாதிகாரி தப்பியோடிய டிசம்பர் 22 கம்யூனிச எதிர்ப்பாளரின் நாளாகிவிடும். புதிய அதிபர் இயோன் இலியெஸ்குவோ பழைய கட்சியில் பெரும்பொறுப்புகள் வகித்தவர். 1990 ஜூலை 31-ல் சட்டமான டிசம்பர் 1 இந்த இரண்டு சங்கடத்துக்கும் அப்பால் இருந்தது. இதை மறுப்போர் சொல்வது: 1918-ல் திரான்சில்வேனியாவை ஹங்கேரியிடமிருந்து பிரித்து ருமேனியாவோடு இணைத்த நாளைவிடப் பெரிய நாள் எது? கணக்குப் பார்த்தா அதைத் தேர்ந்தார்கள்? பெரிய நாள்தான், ஐயமில்லை. ஆனால் அந்தப் பெருமை 1918-லேயே இருந்ததே. புக்கரெஸ்ட்டின் வெற்றி வளைவைக் கல்லில் கட்டி 1936 டிசம்பர் 1-ல் திறந்தபோதும் தேசிய தினம் மே 10-ஆகவே நீடித்தது. பெருமை மட்டுமே போதுமென்றால் எழுபது ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த 1918-ஐக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். திரான்சில்வேனியாவின் ஆல்பா யூலியா நகரில், ராணுவ அதிகாரிகளின் மன்றக் கட்டடத்தில், அப்பகுதி ருமேனியரின் 1,228 பிரதிநிதிகள் கூடினார்கள். வசிலே கோல்டிஷ் இணைப்புத் தீர்மானத்தைப் படித்தார். வெளியே திரண்டிருந்த பெருங்கூட்டத்துக்குக் கிரேக்க-கத்தோலிக்க ஆயர் யூலியு ஹோசு படித்துக் காட்டினார். பக்கத்துக் கிராமத்திலிருந்து கண்ணாடித் தகடுகளோடு வந்த சமொய்லா மர்சா என்ற இளைஞர் எடுத்த ஒருசில படங்களே அந்தக் கூட்டத்தை இன்று நமக்குக் காட்டுகின்றன. புக்கரெஸ்ட் நாட்காட்டியில் அன்று நவம்பர் 18 என்பது தனிக்கதை. ருமேனியா பழைய ஜூலியன் முறையை விட்டது 1919-ல்தான். இணைப்பை முன்னின்று நடத்திய யூலியு மானியு 1953-ல் கம்யூனிஸ்ட்களின் சிகெத் சிறையில் இறந்தார். ஹோசு 1948-ல் கைதாகி, 1970-ல் இறக்கும்வரை விடுதலை காணவில்லை. 1990-ன் முதல் விழா அதே ஆல்பா யூலியாவில் நடந்தபோது, மானியுவின் செயலாளராக இருந்து, நீண்ட சிறைவாசமும் அனுபவித்த எதிர்க்கட்சித் தலைவர் கொர்னேலியு கோபோசு பேச எழுந்தார். கூட்டம் மீண்டும் மீண்டும் கூச்சலிட்டு அவரைப் பேசவிடாமல் செய்தது. 1918-ன் உண்மையான வாரிசு ஒருவர் மேடையில் நின்றும் அந்த விழாவுக்கு அவர் வேண்டாதவராக இருந்தார்.

எப்படிப் பிறந்தாலும் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்களே என்று கேட்டால், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புக்கரெஸ்ட்டில் வெற்றி வளைவின் கீழ் படை அணிவகுப்பு, ஆல்பா யூலியாவில் கைகோத்து வட்டமாய் ஆடும் ஹோரா, மூவர்ணக் கொடி என்று ஊர் களைகட்டுகிறது. குளிரில் பெரிய கொப்பரைகளில் வெள்ளைப் பீன்ஸைப் புகையூட்டிய பன்றிக்காலோடு வேகவைத்து, வரிசையில் நிற்பவர்களுக்கு ஊறுகாயும் ரொட்டியும் சேர்த்து வழங்குவார்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கிறிஸ்துமஸ் நோன்பு நவம்பர் 15-லேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே விதிப்படி பீன்ஸ் சரி, பன்றிக்கால் கூடாது. வரிசை அதற்காகக் குறைவதாகத் தெரியவில்லை.

மக்கள் என்று சொல்லும்போது எல்லாரையும் சேர்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் மிச்சமிருக்கும் சிக்கல். பத்து லட்சத்தை ஒட்டிய ஹங்கேரியர் நாட்டுக்குள் இருக்கிறார்கள். 1918-ல் அவர்களின் முன்னோர் இழந்ததே மற்றவர்களுக்கு விழாவானது. தேசிய தினம் யாருக்காவது உறுத்தத்தான் செய்யும் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் சட்டம் வருவதற்கு நாலு மாதம் முன்பு, 1990 மார்ச்சில், தர்கு முரெஷ் நகரில் ருமேனியரும் ஹங்கேரியரும் மோதி உயிர்ச்சேதம் ஆகியிருந்தது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு இது தெரியாததல்ல. அதைவிட, ஆல்பா யூலியா தீர்மானத்திலேயே, உடன்வாழும் ஒவ்வோர் இனமும் தன் மொழியில், தன்னவரைக் கொண்டே கல்வியும் நிர்வாகமும் நீதியும் பெறும் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பகுதியை விழா மேடைகள் அதிகம் வாசிப்பதில்லை; ஹங்கேரியத் தலைவர்கள்தான் அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறார்கள். ஹங்கேரியர் பெரும்பான்மையாக வாழும் ஹர்கிதா, கொவாஸ்னா மாவட்டங்களில் அவர்கள் திரளாகத் தெருவுக்கு வருவது மார்ச் 15-ல், 1848 ஹங்கேரியப் புரட்சியின் நினைவாக.