குரைப்பும் அயலும்: மட்டக்களப்பில் வீட்டு நாயும் களவுத் தடுப்பும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையானாலும் படுவான்கரையானாலும், தமிழ்க் கிராமங்களில் நாய் இல்லாத வளவு அரிது. அது எதற்கு என்று கேட்டால் காவலுக்கு என்பதே முதல் விடையாக வரும். அந்த விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. காவல் என்று நாம் சொல்லுவதில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன: அந்நியரின் வரவை அறிதல், அறிந்ததை வெளிப்படுத்தல், வந்தவரைத் தடுத்தல். முதலாவதில் நாய்க்கு நிகர் இல்லை. மூன்றாவது, பயிற்றப்படாத வீட்டு நாயிடம் எதிர்பார்க்கக்கூடியதன்று. சர்ச்சைக்குரியது இரண்டாவதே. குரைப்பு ஓர் அறிவித்தல். அறிவித்தலுக்குக் கேட்பவர் வேண்டும், கேட்டபின் எழுந்து பார்ப்பவரும் வேண்டும். ஆகவே வீட்டு நாயின் காவற்பெறுமதி நாயின் இனத்தையோ உடற்பருமனையோ விட, அந்த வீட்டைச் சூழ்ந்த அயலிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்பது என் வாதம்.

கள்ளனின் பக்கத்திலிருந்து தொடங்குவதே முறை; காவலின் அளவுகோல் அவனுடைய தீர்மானந்தான். களவு என்பது கணக்குப் பார்த்துச் செய்யப்படும் தொழில் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில், கோவலனைச் சிக்கவைக்கும் பொற்கொல்லன் கள்வர் துணைக்கொள்ளும் எட்டினைப் பட்டியலிடுகிறான். மந்திரமும் மருந்தும் போன்றவற்றோடு இடம், காலம், கருவி ஆகியனவும் அதில் உள்ளன. 1979இல் லோரன்ஸ் கோஹனும் மார்க்கஸ் ஃபெல்சனும் முன்வைத்த கோட்பாடு அந்த இடத்தையும் காலத்தையும் சமூகவியலின் மொழியில் விளக்கியது எனலாம்: களவெடுக்க மனம் கொண்டவன், எடுக்கத் தகுந்த பொருள், காக்க வல்லவர் இல்லாமை ஆகிய மூன்றும் ஓரிடத்தில், ஒரே வேளையில் கூடினால் குற்றம் நிகழ்கிறது. இதில் மூன்றாவது உறுப்பே நமக்கு முக்கியம். நாய் காக்க வல்லதா, அல்லது காக்க வல்லவரை எழுப்புவதா?

கள்வரையே கேட்டு எழுதிய ஆய்வுகள் இரண்டாவது விடையை நோக்கிச் செல்கின்றன. போல் குரோம்வெல்லும் அவருடைய சகாக்களும் டெக்சாசில் முப்பது கள்வருடன் பழகி 1991இல் வெளியிட்ட நூலின்படி, பெரிய நாய் கடிக்கும் என்பதற்காகவும் சின்ன நாய் சத்தம் போட்டு ஆட்களைக் கூட்டும் என்பதற்காகவும் தவிர்க்கப்படுகிறது. கடிக்க இயலாத ஒரு குட்டி நாய்க்குப் பயப்படுபவன் உண்மையில் நாய்க்குப் பயப்படவில்லை. சார்லட்டிலுள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் கூன்ஸ் குழுவினர், அமெரிக்காவின் மூன்று மாநிலங்களில் சிறைப்பட்டிருந்த 422 வீடுடைப்புக் குற்றவாளிகளிடம் கேட்டறிந்தனர். இலக்கைத் தேர்கையில் பெரும்பாலோர் கணக்கிலெடுத்தவை, அண்மையில் மனித நடமாட்டம், தப்பும் வழி இல்லாமை, காவல் ஏற்பாட்டின் அறிகுறிகள் ஆகியன. நாய் அந்த அறிகுறிகளுள் ஒன்று மட்டுமே. எச்சரிக்கை மணியும் கமராவும் அதே வரிசையில் நிற்கின்றன.

இவ்விடத்தில் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நிக்கொலோ பின்சாக்கும் சகாக்களும் 2022இல் ‘சோஷல் ஃபோர்சஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 595 குடியிருப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. நாய் வளர்க்கும் வீடுகள் மிகுந்த பகுதிகளில் களவும் வீடுடைப்பும் குறைவாக இருந்தன. வழிப்பறி, கொலை போன்ற வன்குற்றங்களில், அயலவரிடையே நம்பிக்கை மிகுந்த இடங்களிலேயே நாயின் பயன் தெரிந்தது; சொத்துக் குற்றங்களிலோ, நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைவு காணப்பட்டது. அப்படியானால் களவைத் தடுக்க நாயே போதும், அயல் தேவையில்லை என்று ஒருவர் வாதிடலாம். நான் அதை ஏற்கவில்லை, காரணம் இரண்டு. ஒன்று, இது பகுதிகளை ஒப்பிடும் ஆய்வு. நாய் வளர்ப்போர் வீட்டில் தங்குவதும் தெருவில் நடமாடுவதும் பிறரைவிட மிகுதியாக இருக்கக்கூடும், அந்த நடமாட்டமே காவலாகும். இரண்டாவது காரணம் எமது மண்ணுக்கு நெருக்கமானது. அமெரிக்க நகரத்தில் நாய் வீட்டுக்குள் வாழ்கிறது. மூடிய கதவுக்குப் பின்னால் கேட்கும் குரைப்பு, உள்ளே ஆள் இருக்கலாம் என்பதற்கு அடையாளம். மட்டக்களப்பில் நாய் முற்றத்திலும் தெருவிலும் வாழ்கிறது. தெருநாய்க்கும் குரைக்கும், வேலி பாயும் மாட்டுக்கும் குரைக்கும், நரிக்கும் குரைக்கும், வெல்லாவெளிப் பக்கமானால் யானைக்கும் குரைக்கும். இரவு முழுவதும் ஏதோ ஒரு வளவில் குரைப்புக் கேட்கும் ஊரில் குரைப்பு தன்னளவில் கள்ளனுக்கு ஒன்றையும் சொல்லுவதில்லை. அதற்குப் பொருள் கொடுக்க அதைப் பிரித்தறியும் செவி வேண்டும்.

அவ்வாறு பிரித்தறிய மனிதரால் முடியும் என்பது ஊகமன்று. புடாபெஸ்ட் ஒட்வொஸ் லோரண்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பொங்கிராட்சும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்கள் அந்நியரைக் கண்டு குரைப்பதையும் விளையாட்டுக் குரைப்பையும் தனிமைக் குரைப்பையும் குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே இனங்கண்டனர். நாய் வளர்த்திராதவர்களாலும் அது முடிந்தது. தன் வளவு நாயின் குரலையும் அடுத்த வளவு நாயின் குரலையும் ஆண்டுக்கணக்காகக் கேட்டவர்களுக்கு அது இன்னும் எளிது. போர்க்கால இரவுகளில், ஒழுங்கையில் நடப்பவர் ஊராரா வேற்றாரா என்பதை நாயின் குரலை வைத்தே ஊகித்த தலைமுறை இங்கு இன்னும் இருக்கிறது. அந்த அறிவைச் சோதிக்க எந்த ஆய்வுகூடமும் தேவைப்படவில்லை.

மட்டக்களப்பின் குடியிருப்பு முறை இந்தச் செவியை இயல்பாகவே அமைத்துத் தந்தது. கீழைக்கரைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் திருமணத்தின்பின் கணவன் மனைவியின் வீட்டில் வாழ்வதே வழக்கம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகே இன்னொரு வீட்டுக்கு ஒதுங்குவர். அதுவும் நாளடைவில் அடுத்தவளுக்காகும். அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் செய்த ஆய்வு இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. இதன் விளைவு, அடுத்தடுத்த வளவுகளில் தாயும் மகள்மாரும் சகோதரிகளும். இடையில் இருப்பது கிடுகு வேலி அல்லது கம்பி வேலி, அதில் ஒரு கடவை. ஒரு வளவில் நாய் குரைத்தால் மறு வளவில் விளக்கு எரியும். இந்த அமைப்பில் நாயொன்றை நான்கு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. பெயருக்கு மட்டுமே அது ஒரு வீட்டினுடையது. போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களுக்கு நாய் பெருந்துணை என்று சொல்லப்படுவது உண்மைதான்; ஆனால் அந்தத் துணை, கூப்பிடு தூரத்தில் தாயோ தமக்கையோ இருக்கும் வளவில் ஒரு விதமாகவும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் திராய்மடு போன்ற இடங்களில் புதிதாக அமைக்கப்பட்ட குடியிருப்புகளில் வேறு விதமாகவும் இயங்குவதை எதிர்பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்து வந்தவர் புது அயலவரின் நாயை அறியச் சில மாதம் போதும்; அந்த நாய் குரைத்தால் இரவில் எழுந்து போகலாமா என்ற நம்பிக்கை வர அதைவிடக் கூடிய காலம் செல்லும்.

வாதத்தைச் சோதிக்க எளிய வழி, நாய் இருந்தும் செவி இல்லாத நேரங்களைப் பார்ப்பதே. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கும், தேருக்குக் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்துக்கும் ஊரே திரண்டு போகும் நாளில் நாய் வளவில்தான் நிற்கிறது, வழமைபோலவே குரைக்கிறது. ஆனால் நாய் நிற்கிறதே என்று அன்று வீட்டை விட்டு நிம்மதியாகப் போவோர் இல்லை; ஒருவரையாவது வீட்டில் விட்டுவிட்டே போவார்கள். ஊரின் நடைமுறை இதில் கோட்பாட்டைவிடத் தெளிவாக இருக்கிறது. சிவாலயங்களில் நடைசாத்தியபின் திறப்பை நாயை வாகனமாகக் கொண்ட வைரவரின் முன் வைக்கும் மரபு உண்டு. கோயில் நிர்வாகங்கள் அதற்குப் பிறகும் காவலாளிக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வெளிநாடு போனவர்களின் பூட்டிய வீடுகளும் இவ்வாறே. உயர்ந்த மதில், இரும்புக் கேற், அதில் ‘கடிநாய் கவனம்’ என்ற பலகை, உள்ளே சோறு வைக்க மட்டும் ஒருவர் வந்துபோகும் ஓர் அல்சேஷன். மதில் கள்ளனை மறைக்கிறது. நாயின் குரலை அயலவர் அந்த வீட்டுப் பிரச்சினை என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நாய்க்குச் செலவாகும் பணத்தில் பாதியை வேலிக்கு மாற்றினால், அதாவது மதிலைத் தாழ்த்தி அயலின் கண்ணுக்கு வளவைத் திறந்துவிட்டால், கூடிய பாதுகாப்புக் கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

நாய் இல்லாமலே இயங்கும் காவலுக்கு உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. காத்தான்குடியில் வீட்டில் நாய் வளர்ப்பது அரிது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி மத்ஹப் நாயின் உமிழ்நீரை அசுத்தமாகக் கொள்கிறது; வேட்டைக்கும் மந்தைக்கும் பயிருக்கும் விலக்களிக்கிறது, அந்த விலக்கு வீட்டுக் காவலுக்கும் பொருந்தும் என்று கருதிய அறிஞரும் உண்டு. விலக்கு இருந்தும் அதைப் பயன்படுத்தும் தேவை அங்கு பெரிதாக எழவில்லை. ஒடுங்கிய ஒழுங்கைகள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், சுபஹுக்கு முன்பே தொடங்கும் நடமாட்டம், இரவு நெடுநேரம் மூடாத கடைகள் ஆகியவை நாய் செய்யும் வேலையைச் செய்துவிடுகின்றன. பக்கத்து ஆரையம்பதியின் வளவுகளுக்கு அந்த நெருக்கம் இல்லை. மரங்களும் வெளியும் கூடிய இடத்தில் நாய் தூரத்தை நிரப்புகிறது. நாய் அயலுக்கு மாற்றன்று, அயல் எட்டாத இடைவெளியை இணைக்கும் கருவி என்பதை இந்த இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்க்கையில் உணரலாம்.

கருவி என்ற அளவில் அதன் மேன்மையை மறுப்பதற்கில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, மின்சாரத்தை நம்பிய கமராவும் எச்சரிக்கை மணியும் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதே வேளையில் கருவியின் பழுதுகளையும் சொல்ல வேண்டும். நஞ்சு கலந்த இறைச்சித் துண்டு எந்த இனத்து நாயையும் வீழ்த்தும். அதைவிட முக்கியமானது, வளவை அறிந்தவன் செய்யும் களவு. 1892இல் ஆர்தர் கோனன் டொயில் எழுதிய துப்பறியும் கதையொன்றில் நாய் குரைக்காமல் இருந்ததே துப்பாகிறது. வந்தவன் அதற்குப் பழக்கமானவன். நீர்ப்பம்பி, எரிவாயு சிலிண்டர், சைக்கிள், கோழி என்று சில்லறைப் பொருட்கள் போகும் களவுகளில், எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்மேல்தான் ஊர் முதலில் ஐயம் கொள்ளும். அவன் நாய்க்கும் தெரிந்தவனாயின் நாயால் பயனில்லை. நாய் எசமானுக்கு ஆபத்தென்றால் தானாகவே உதவி தேடிப் போகும் என்ற நம்பிக்கையும் தளர்வானதே. கனடாவின் மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளியான சோதனையில், மாரடைப்பு வந்ததுபோல் எசமான் நடித்து விழுந்தபோது நாய்கள் அருகிலிருந்தவரிடம் உதவி கேட்கவில்லை.

அயல்தான் காவல் என்றால் அயலே ஆபத்தாகும் சந்தர்ப்பம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2011 ஆகஸ்டில் மர்ம மனிதன், கிறீஸ் பூதம் என்ற பீதி கிழக்கிலும் பிற மாகாணங்களிலும் பரவியபோது ஊர்கள் இரவிரவாக விழித்திருந்தன. பல இடங்களில் அது பொலிஸாருடனும் படையினருடனும் மோதலாக மாறியது. அப்படியான இரவில் குரைப்பு ஒவ்வொன்றும் ஒரு பூதமாகிவிடும். ஆயினும் அங்கு முறிந்திருந்தது அயலவருக்கிடையிலான நம்பிக்கையன்று, அயலுக்கும் பொலிஸுக்கும் இடையிலான நம்பிக்கை. சத்தம் கேட்டு எழுந்தவர்கள் அடுத்து யாரை அழைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். நாயின் அறிவித்தல் பொலிஸ் நிலையம் வரை போய்ச் சேராவிடில் அது வதந்தியாகத் திரும்பி வரும்.

இனிச் செலவுக் கணக்கு. இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 1973இல் 377 பேர் இறந்தனர். தடுப்பூசித் திட்டங்களால் அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. உலகளவில் மனிதருக்கு இந்நோய் தொற்றுவதில் 99 வீதம் நாயால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கடிவாங்குவோரில் கள்ளர் அரிது. பள்ளிக்கூடப் பிள்ளை, தபாற்காரர், கடன் அறவிட வருபவர் ஆகியோரே மிகுதி. கள்ளனைக் கடிக்கட்டும் என்று மூர்க்கமாக வளர்க்கும் நாய் நடைமுறையில் அயலவரைக் கடிக்கிறது. அதனால் அயல் விலகிப்போகிறது, விலகிய அயலோடு காவலும் போகிறது. சட்டமும் எசமானின் பக்கம் முழுதாக இல்லை: இங்கு வழங்கும் உரோமன்–டச்சுச் சட்டப்படி, வளர்ப்பு விலங்கு செய்த தீங்குக்கு எசமானிடம் நட்டஈடு கோரலாம்; சட்டவிரோதமாக வளவுக்குள் புகுந்தவருக்கு மட்டுமே அந்த உரிமை பொதுவாக இல்லை.

ஆகவே காவலுக்கென்று ரொட்வைலரும் டொபர்மனும் வாங்கிச் சங்கிலியில் கட்டி வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குரைக்கத் தெரிந்த, அயலவரை அறிந்த, தடுப்பூசி ஏற்றி இனப்பெருக்கக் கட்டுப்பாடு செய்த ஓர் ஊர்நாய் போதும். நாய்களை ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே இந்நாட்டில் இருக்கிறது. மட்டக்களப்பு மாநகர சபையும் வாவியின் இருகரைப் பிரதேச சபைகளும் அதை ஏட்டோடு விடாமல், வட்டாரந்தோறும் பதிவையும் தடுப்பூசியையும் ஒரே நாளில் நடத்த வேண்டும். வீடுடைத்துக் களவெடுத்த முறைப்பாட்டை எழுதும் பொலிஸார், வளவில் நாய் நின்றதா, குரைத்ததா, யாராவது எழுந்து பார்த்தார்களா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டுப் பதியவேண்டும்.