தேவாரப் பதிப்பு முறைகள்

மூவர் பாடிய திருப்பதிகங்களை ஒரே மூலத்திலிருந்து எடுத்து, பாடுவோருக்கு ஒரு விதமாகவும் தலயாத்திரை செல்வோருக்கு வேறு விதமாகவும் நாள்வழிபாட்டுக்கு மற்றொரு விதமாகவும் அமைத்துத் தரும் வழக்கம். ஓலைச்சுவடியில் தொடங்கிய இது அச்சு, குறுந்தகடு, இணையம் என்று இன்றும் தொடர்கிறது.

தேவாரத்தைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்பது மரபு. தில்லையில் சுவடிகள் கிடைத்தபோது பாட்டு இருந்தது, பண் மறைந்திருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண் ஒருவர் பண்களை மீட்டுத் தந்தார் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. இதை வரலாறாக ஏற்காதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாட்டும் இசையும் தனித்தனியே காக்கப்பட வேண்டியவை என்ற தெளிவு தொகுத்தவர்களுக்கு இருந்திருக்கிறது. அந்தத் தெளிவால்தான் முதல் மூன்று திருமுறைகளும் ஏழாம் திருமுறையும் பண் வரிசையில் நிற்கின்றன. ஐந்தும் ஆறும் குறுந்தொகை, தாண்டகம் என யாப்பு வழியில் அமைந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராசராசன் 48 பிடாரர்களை அமர்த்தியதைக் கல்வெட்டு காட்டுகிறது. பண்முறை அவர்களைப் போன்ற பாடகர்களுக்கு உகந்த அடைவு.

அடைவு மாறினால் என்ன மாறும் என்பதை விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கல்மரப் பூங்காவால் இன்று பலரும் அறிந்த இவ்வூரின் சந்திரமௌலீசுவரரை மூவருள் ஒருவரான சம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் 60ஆவது, பண் பஞ்சமம். பண்முறை நூலில் அதற்கு முன் இருப்பது திருக்குடமூக்கு, பின் வருவது திருவெண்டுறை. இரண்டும் தொலைவிலுள்ள சோழநாட்டுத் தலங்கள்; பஞ்சமம் என்ற ஒரே உறவால் அருகருகே அமர்ந்தவை. தலமுறை நூலைத் திறந்தால் திருவக்கரை தொண்டைநாட்டுப் பகுதியின் கடைசியில், திருவரசிலி, இரும்பைமாகாளம் என்ற பக்கத்து ஊர்களோடு நிற்கும். நடந்து போகிறவருக்கு இது பெரிய வசதி. பாடுகிறவருக்கோ பஞ்சமம், பியந்தைக்காந்தாரம், செவ்வழி என்று அடுத்தடுத்துப் பண் மாறுகிறது. பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

முழுத் தேவாரத்துக்கு அடங்கன்முறை என்று பெயர். அதிலிருந்து பிரித்தெடுத்த நூல்களும் பழையவையே. நாள்தோறும் ஓத 25 பதிகங்களைக் கொண்டது அகத்தியர் தேவாரத் திரட்டு. உமாபதி சிவாசாரியர் தொகுத்ததாகக் கருதப்படும் தேவார அருள்முறைத் திரட்டு இன்னும் நுட்பமானது. அது 99 பாடல்களைப் பதிகக் கட்டிலிருந்து கழற்றி, திருவருட்பயன் என்ற சாத்திர நூலின் பத்து அதிகாரத் தலைப்புகளின்கீழ் வைக்கிறது. பாட்டே சாத்திரத்துக்கு விளக்கமாகிவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் தேவாரம் அச்சேறியபின் இரு அடைவுகளும் புத்தகமாயின. திருவக்கரைக்கு அருகிலுள்ள புதுச்சேரியில், 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தி.வே. கோபாலையர் பதிப்பை 1984 முதல் வெளியிட்டது. பிரான்சுவா குரோ அதற்குத் துணைநின்றார். அங்கிருந்தே 2007இல் மின்தேவாரக் குறுந்தகடு வந்தது. தமிழெழுத்தில் பாட்டு, ரோமன் எழுத்தில் அதே பாட்டு, வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, தல வரைபடம், ஓதுவார் குரல் ஆகியவற்றை அது ஒன்றோடொன்று இணைத்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திருமுறைகளைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றியது. எழுத்துருக் குறிமுறை ஒருங்குறிக்கு மாறியபோது பழைய கோப்பையே மாற்றிக்கொள்ள முடிந்தது.

இசைக்குறிப்புக்கு வரும்போது வேலை கடினமாகிறது. ஒரு பதிகத்தின் பாட்டுகள் ஒரே கட்டளையில், அதாவது ஒரே சந்த அமைப்பில், அமைவதால், முதல் பாட்டுக்கு எழுதிய சுரம் மற்றவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். 1996இல் உருவான லில்லிபாண்ட் முதலிய மென்பொருள்களில் மெட்டை ஒரு கோப்பிலும் சொல்லை வேறொரு கோப்பிலும் வைத்து, வேண்டிய இசைத்தாளை அவற்றிலிருந்து ஆக்கலாம். தேவாரத்தின் அமைப்பு இதற்கு இயல்பாகவே இணங்கும்.

ஆனால் பாட்டுக்கு ஒரு மூலம் இருப்பதுபோல் மெட்டுக்கு ஒரே மூலம் இல்லை. பஞ்சமத்தை ஓதுவார்கள் இன்று ஆகிரி இராகத்தில் பாடுகிறார்கள். ஆகிரி அன்னிய சுரங்கள் கலந்து வரும் இராகம். கமகம்தான் அதன் உயிர். ச ரி க ம என்று எழுதியதை மட்டும் பார்த்துப் பாடினால் அந்த இராகம் எழும்பாது. குருவிடம் கேட்டுக் கற்றதால் ஓதுவார்க்கு ஓதுவார் பிடிகளும் வேறுபடும். எனவே திருவக்கரைப் பதிகத்துக்குச் சுரக்குறிப்பு தொகுப்பவர் பாட்டைப் பொதுக் கோப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடமுறையையும் தனிக் கோப்பாக, யாரிடம் கேட்டு எழுதியது என்ற குறிப்போடு சேர்க்க வேண்டும். இரண்டு பாடமுறைகளைக் கலந்து ஒன்றாக்கினால், யாரும் பாடாத மூன்றாவது ஒன்றுதான் அச்சில் நிற்கும்.