மலாயாத் தமிழ்ப் பெண்டிரும் கல்வியும்

கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் பள்ளி அமைப்பது நிருவாகத்தின் கடமை என வகுத்தது. அதன் பயனாகத் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. ஆயினும் சிறுமியர் பலர் அவற்றில் நிலைத்துப் பயிலவில்லை.

இதற்குரிய காரணம் லயத்து வீட்டிலேயே இருந்தது. விடியுமுன் தாயும் தந்தையும் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டப் புறப்படுவர். கைக்குழந்தையைக் காப்பதும் உலை வைப்பதும் மூத்த மகளின் பொறுப்பாயின. தம்பி பள்ளிக்குச் சென்றான். தமக்கை வீட்டில் நின்றாள். அவளைத் தடுத்தது சட்டமன்று. வறுமையும் வழக்கமுமே ஆகும்.

1943 அக்டோபரில் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கிற்று. சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் லட்சுமி அதன் தலைவி. நகரப் பள்ளி மாணவியரும் எழுத்தறியாத தோட்டப் பெண்டிரும் அங்கே ஒரே அணியில் நின்றனர். ஆற்றலில் இவர்கள் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர். வாய்ப்பே வேறுபட்டிருந்தது என்பதை அம்முகாம் உணர்த்திற்று.

அப்படையில் பணியாற்றிய ராசம்மா பூபாலன் போருக்குப் பின் பட்டம் பெற்று ஆசிரியையானார். அக்காலத்தில் ஒரே தகுதியும் ஒரே பணியும் உடையவராயினும், ஆசிரியைக்கு ஆடவரினும் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. இக்குறையைக் களைய 1960-இல் மகளிர் ஆசிரியர் சங்கத்தை நிறுவுவதில் அவர் முன்னின்றார். சம ஊதியக் கோரிக்கை அப்பத்தாண்டிலேயே வெற்றி கண்டது. கற்ற மகளின் உழைப்புக்கு உரிய மதிப்புக் கிட்டும்போது, அவளைப் படிக்க வைப்பது வீண்செலவு என்னும் எண்ணமும் வலுவிழக்கிறது.

1962-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் மகளையும் பள்ளிக்கு அனுப்ப இது துணைநின்றது. 2001-இல் மலேசிய அரசியலமைப்பின் 8-ஆம் விதி திருத்தப்பெற்று, பால் வேற்றுமை காட்டுதலும் விலக்கப்பட்டது.

பள்ளியைத் திறப்பது பெண்கல்வியின் தொடக்கமே ஆகும். சிறுமி பள்ளியில் இருக்கும்போது வீட்டுச் சுமையைத் தாங்குவோர் யார்? கற்றபின் அவள் உழைப்புக்கு மதிப்பு யாது? இவ்விரு வினாக்களுக்கும் நேர்மையான விடை தரும் சமுதாயமே பெண்கல்வியால் உயர்வு பெறும்.