கொடையும் தோழமையும்

திருவள்ளுவர் ஈகை என்னும் பெயரில் ஓர் அதிகாரம் பாடினார். நட்பைப் பற்றியோ ஐந்து அதிகாரங்கள் பாடினார். கொடுப்பதைவிடத் தோழமை கொள்வதில் ஆராய வேண்டியது மிகுதி என்று அவர் கண்டிருக்க வேண்டும். நம் தென்னாட்டுக் கிறிஸ்தவ வரலாறும் அதையே காட்டுகிறது. அவ்வரலாற்றில் 1910ஆம் ஆண்டு நம்மைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வைக்கும் ஆண்டு.

நம் பகுதிக்கு வந்த ஐரோப்பிய மறைப்பணியாளர்கள் கொடுப்பதில் குறை வைத்தவர்கள் அல்லர். புனித அருளானந்தர் 1693இல் ஓரியூரில் தம் தலையையே கொடுத்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று புகழ்பெற்ற ஆங்கிலிக்கன் குரு ராக்லாந்து, கல்லூரி வாழ்வைத் துறந்து வந்து, வட திருநெல்வேலிச் சிற்றூர்களில் கூடாரமடித்துத் தங்கிப் பணிபுரிந்து, 1858இல் சிவகாசியில் உயிர் துறந்தார். அந்நாளில் சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் அவை பிரிந்தன. பள்ளிகளும் மருத்துவமனைகளும் இத்தகையோரின் தியாகத்தால் எழுந்தவை என்பதை நன்றியுள்ள எவரும் மறுக்க இயலாது.

ஆயினும், அந்த 1910இல், திருநெல்வேலி மண்ணின் மைந்தர் ஒருவர் இந்தக் கொடையாளர்களின் முன் நின்று, கொடைக்கு மேலான ஒன்றைக் கேட்டார். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவே அவர். அவ்வாண்டு ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மறைப்பணி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்களுள் ஆசியர் மிகச் சிலரே. அந்த அவையில் எழுந்த அசரியா, வெள்ளைப் பணியாளருக்கும் இந்தியப் பணியாளருக்கும் இடையே நிலவிய உறவை ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தார். ஊதியம் வழங்கும் உறவு இருக்கிறது. கட்டளையிடும் உறவு இருக்கிறது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் உறவு அரிதாகவே இருக்கிறது என்பதே அவர் முறையீட்டின் சாரம். பொருளையும் உடலையும் ஈந்தவர்களுக்கு நன்றி கூறிய பின்னர், தங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். கேட்டவர்களுள் சிலர் சினந்தனர், சிலர் நாணினர்.

இது கசப்பிலிருந்து பிறந்த சொல் அன்று. அசரியாவுக்கு ஷெர்வுட் எடி என்னும் அமெரிக்க நண்பர் வாய்த்திருந்தார். இருவரும் இளமையில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தில் சேர்ந்து உழைத்தனர், சேர்ந்து பயணம் செய்தனர், சேர்ந்து செபித்தனர். நிறம் கடந்த நட்பு இயலாத கனவன்று என்பதை அனுபவத்தில் கண்டவர் ஆதலால்தான், அது ஏன் இத்துணை அரிதாயிற்று என்று அவரால் கேட்க முடிந்தது.

இனி, கடல் கடந்த அந்த அவையைவிட்டு நம் மண்ணுக்குத் திரும்புவோம். அதே 1910இல், அதே திருநெல்வேலி நாட்டில், வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தினுள் ஒரு சுவர் நின்றது. ஒருபுறம் வேளாளர், மறுபுறம் நாடார் உள்ளிட்ட பிற சமுதாயத்தார். பீடம் ஒன்று, பலி ஒன்று, சுவரோ நடுவில். பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் அவ்வாண்டில் அச்சுவரை இடித்தார். வழக்கு எழுந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரியவர்கள் அங்குத் தோற்றனர். நாடார் குலத்தில் பிறந்த ஒருவர் வெள்ளையரிடம் எதை வேண்டி நின்றாரோ, அதையே தமிழ்க் கிறிஸ்தவர் தம் சகோதரத் தமிழருக்கு மறுத்துக்கொண்டிருந்தனர். அதற்குப் பதினொரு ஆண்டுகள் முன்னர், கோவில் நுழைவை ஒட்டிய பகையில், நம் சிவகாசியே தாக்கப்பட்டு வீடுகள் எரிந்ததையும் நாம் மறப்பதற்கில்லை.

காலம் சென்றது; பதவிகள் வந்தன. 1912இல் அசரியா இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரானார். நம் திருச்சபையில் 1923இல் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை தூத்துக்குடியின் ஆயராகி, இக்காலத்து இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் என்னும் பெருமை பெற்றார். பதவியை ஓர் ஆணையால் வழங்கிவிடலாம். நட்பை அவ்வாறு வழங்க இயலாது. நம் மாவட்டத்து வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த தலித் கத்தோலிக்கப் பெண்மணி பாமா 1992இல் வெளியிட்ட ‘கருக்கு’ என்னும் நூல், அசரியாவின் கேள்வியை நம் ஆலயத்துக்குள்ளும் கன்னியர் மடத்துக்குள்ளும் கொண்டுவந்து வைத்தது. இம்முறை கேள்வி வெள்ளையரை நோக்கியதன்று, நம்மை நோக்கியது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் பல சமுதாயத்தாரும் அருகருகே அமர்ந்து உழைக்கின்றனர். மருந்து தீப்பற்றினால் அது குலம் கேட்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் மாண்டவர்களுள், அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்களும் இருந்தனர். ஆபத்தில் ஓடிவரும் மனம் நம் மக்களிடம் உண்டு என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் ஆபத்து நீங்கிய நாளில், காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் எந்தத் தெருவுக்கு அழைப்பு போகிறது, எந்தத் தெருவின் அழைப்பை நாம் ஏற்கிறோம் என்பதே கேள்வி.

கொடையில் ஒரு வசதி உண்டு. கொடுப்பவர் மேலேயே நின்றுகொள்ளலாம். நட்போ பெற்றுக்கொள்ளவும் இசைவது. ஆண்டவர் இயேசு சமாரியப் பெண்ணிடம் எதையும் கொடுப்பதற்கு முன் தண்ணீர் கேட்டார். ஒரு யூதர் தன்னிடம் நீர் கேட்கிறாரே என்று அவள் வியந்தாள். அந்த வியப்பிலிருந்தே உரையாடல் வளர்ந்தது. தம் இறுதி இரவிலும் அவர் சீடரைப் பணியாளர் என்னாது நண்பர் என்றே அழைத்தார்.

கிறிஸ்து பிறப்பு விழாவில் வேட்டி சேலை வழங்கும் நம் பங்குகள் அதனை நிறுத்த வேண்டியதில்லை. அத்துடன், பெற்றுக்கொண்ட குடும்பத்தின் வீட்டுக்கும் ஒருநாள் செல்வோம். அவர்கள் அடுப்பில் வெந்ததை, அவர்கள் வட்டிலில், அவர்களோடு அமர்ந்து உண்போம். ஒரே அப்பத்தைப் பகிரும் நற்கருணைப் பந்தி, ஆலய வாயிலோடு முடிந்துவிடுவதற்காக ஏற்படுத்தப்பட்டதன்று.