டீசல் புகை மாசு

டீசல் எஞ்சின்கள் வெளிவிடும் வாயுக்களும் கரித்துகள்களும் காற்றில் கலந்து விளைவிக்கும் கேடு டீசல் புகை மாசு எனப்படும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. காற்று போதாத இடங்களில் அது கரியாகிறது. மிகுந்த வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. கரித்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை. புற்றுநோயூட்டும் சேர்மங்களைச் சுமந்துகொண்டு நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்பவை. எனவே, கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டும் வைத்து இம்மாசை அளவிடுவது தவறு.

இப்புகை புற்றுநோய் தரும் என்பது உறுதிப்பட நெடுங்காலம் ஆயிற்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இல் இதை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில்தான் வைத்தது. எலிகளிடம் சான்று போதுமானதாக இருந்தது, மனிதர்களிடம் அவ்வாறில்லை. எலிகளின் நுரையீரலில் எந்தத் தூசு அளவுமீறிச் சேர்ந்தாலும் கட்டி வரும் என்றும், தொழிலாளர்களுக்கு நோய் வந்தது புகைபிடித்ததால் என்றும் மறுப்புகள் எழுந்தன. இரண்டுக்கும் அமெரிக்கச் சுரங்க ஆய்வு விடையளித்தது. நிலக்கரியோ உலோகமோ அல்லாத தாதுக்களை எடுக்கும் 8 சுரங்கங்களில் வேலை செய்த 12,315 பேரை அது ஆராய்ந்தது. ரேடான், சிலிக்கா போன்ற பிற காரணிகள் குறைவு என்பதாலேயே அச்சுரங்கங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. புகைபிடிக்கும் பழக்கத்தைக் கணக்கிலெடுத்த பின்னரும், மிகுதியாகப் புகையைச் சுவாசித்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. 2012 மார்ச்சில் முடிவு வெளியானது. அதே ஆண்டு ஜூனில் முகமை டீசல் புகையை முதல் பிரிவுக்கு மாற்றியது. கல்நாரும் புகையிலைப் புகையும் உள்ள பிரிவு அது.

சுரங்கத்திலுள்ள புகைச்செறிவு தெருவில் இல்லை என்பர். உண்மையே, ஆனால் முகமையின் பிரிவுகள் ஆபத்தின் அளவை அல்ல, சான்றின் உறுதியைக் காட்டுபவை. தெருவில் செறிவு குறைவு. சுவாசிப்போர் தொகையோ மிகப் பெரிது, அதில் குழந்தைகளும் ஆஸ்துமா நோயாளிகளும் அடக்கம். புதிய எஞ்சின் தூய்மையானது என்ற வாதத்துக்கும் ஆதாரம் உண்டு: துகள் வடிகட்டி பொருத்திய எஞ்சின்களின் புகையைச் சுவாசித்த எலிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வரவில்லை என 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அதனால் மெய்ப்படுவது வடிகட்டியின் பயனே. வடிகட்டி இல்லாத எஞ்சின் அதனால் குற்றமற்றதாகிவிடாது. மேலும், சோதனைக்கூடத்தில் மட்டும் நைட்ரஜன் ஆக்சைடுகளை அடக்கிக் காட்டும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் பொருத்தியிருந்ததும் அதே 2015இல்தான் அம்பலமானது.

நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து தரைமட்ட ஓசோனை உண்டாக்கிப் பயிர் விளைச்சலைக் குறைக்கின்றன. கரித்துகள் பனிமேல் படிந்து வெயிலை உறிஞ்சி உருக்குகிறது. இந்தியாவில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பாரத் ஸ்டேஜ் 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ளது. அதன்படி டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் அதற்கு முன் விற்ற லாரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.